போன் பண்ணாமல் ஊற்றுக்குப் போன நாள்

குடிநீர் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, "சார், உங்க சர்வீஸ்ல செஞ்ச சாதனைகளை எழுதுங்க" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வாரம் யோசித்தேன். சாதனைகள் எல்லாம் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். விலாசம் எழுதவும் இடம் மிச்சமிருக்கும். தப்புகள் தாராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரியதாக ஒன்றை எடுத்து எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம், பயந்தாலும் சரி. நான் இரண்டையும் செய்திருக்கிறேன், பெரும்பாலும் ஒரே நேரத்தில்.

பாட்டிலை எப்படிக் கழுவுவது, ஐஸ் பெட்டியை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பாட்டிலுக்கு வெளியே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் இன்றைய நிலைமை. கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிறேன். முகர்ந்தும் பார்க்கிறேன். பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி தொடையில் கிள்ளுவாள். "என்னங்க, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறாங்க. குடிச்சாக் குடிங்க, இல்லாட்டி கீழ வைங்க." கீழே வைத்துவிடுவேன். சர்வீஸில் பெரும்பகுதி நான் இப்படி இல்லை. யார் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஏப்பம் விட்டவன்தான். இந்தப் பயம் கொடிக்கால் ஊற்றில் ஒட்டிக்கொண்டது.

உங்களில் பாதிப் பேருக்கு அந்த ஊற்று தெரியாது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்புப் பக்கம் போகிற வழியில், கொள்ளிடக் கரைக்கு உள்பக்கமாக ஒரு தென்னந்தோப்பு. முன்னே அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்ததாம். பெயர் மட்டும் தங்கிவிட்டது. தோப்பின் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் கல் கட்டிய வட்டக்குழி. அடியில் மணல். மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குமிழ் விட்டு மேலே வரும். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையிலும் வரும். சுற்றியிருந்த மூன்று தெருக்காரர்களும் குடிப்பது அதைத்தான். வீட்டில் குழாய் இருக்கும். துணி துவைக்க மட்டும் அதைத் திறப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுக்க நான் போவேன். முதல் நாளே ரெங்கசாமி அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஊற்றுக் கமிட்டியின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அவரே.

"அண்ணே, நாளைக்குக் காலைல வரேன்."

"வாங்க சார், வாங்க. ராஜா மாதிரி வாங்க."

ராஜா மாதிரிதான் போவேன். தோப்பு பெருக்கி இருக்கும். ஊற்றைச் சுற்றிக் கோலம் இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடி மணலில் கிடக்கிற பைசாவின் தலையா பூவா என்று மேலிருந்தே சொல்லலாம். சாம்பிளைப் பிடித்து முடித்ததும் இரண்டு இளநீர், ஒரு சீப்பு பூவன் பழம். பத்து வருஷம், ஒரு தடவைகூடக் கிருமி வந்ததில்லை. பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு போட்டு, "இயற்கை ஊற்றைப் பாதுகாப்பது எப்படி என்று கொடிக்கால் மக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ரெங்கசாமி அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். என் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்து, ஊற்றுக்கு முன்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டிவிட்டார். 'இந்த நீர் குடிக்க உகந்தது' என்று சிவப்பு எழுத்து, கீழே என் கையெழுத்து, மேல் மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட என் போட்டோ. ஏதோ வார்டு தேர்தலில் நிற்கிறவன் மாதிரி இருப்பேன். "எடுத்துடுங்க அண்ணே, கூச்சமா இருக்கு" என்று சொன்னேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், ஆடி மாதம். வியாழக்கிழமை பதினெட்டாம் பெருக்கு. திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்கு ஒரு போன். தில்லை நகரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா.

"சார், மூணு நாளா ஒரே தெருவுலேருந்து மூணு குழந்தைங்க. வாந்தி, வயித்துப்போக்கு. அதுல ஒரு பாப்பாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு. தண்ணி எங்கம்மா பிடிக்கிறீங்கன்னு கேட்டா, மூணு அம்மாவும் கொடிக்கால் ஊத்துங்கறாங்க."

"அது சுத்தமான தண்ணி டாக்டர். நானே டெஸ்ட் பண்றது."

"ஆமா சார், உங்க போட்டோவைக்கூட செல்லுல காட்டினாங்க."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உடனே பார்க்கிறேன்.' நான் சொன்னது என்ன தெரியுமா? "பானிபூரி ஏதாவது சாப்பிட்டிருப்பாங்க டாக்டர். இப்ப எல்லாத் தெருவுலயும் வண்டி வந்துடுச்சே."

டாக்டரம்மா சொன்னார். "சார், டிரிப்ஸ்ல இருக்கற பாப்பாவுக்கு ஆறு வயசு. பேரு யாழினி. ரெங்கசாமின்னு ஒருத்தரோட பேத்தி. அவர் உங்களுக்குத் தெரிஞ்சவராமே?"

போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், கடைசி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து, 'கிருமி இல்லை' என்ற வரியை இரண்டு முறை படித்ததுதான். நாமே எழுதிய காகிதத்தை நாமே படித்துத் தைரியம் அடைகிறோமே, அந்த வியாதி நம் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. இதைப் படிக்கும்போதே யாராவது நெளிந்தால், உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எதிர் மேஜையில் ஷகிலா இருந்தாள். இப்போது உங்களுக்கு மேடம். அப்போது சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பாலக்கரைப் பெண். வாயைத் திறந்தால் நேராகத்தான் வரும். பீரோவிலிருந்து ஊற்றின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வந்து என் மேஜையில் சீட்டு விரிக்கிற மாதிரி வரிசையாக வைத்தாள்.

"சார், இதுல நைட்ரேட்டை மட்டும் பாருங்க."

பார்த்தேன். படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வரம்புக்குள்தான். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு தனிக் காகிதத்தில் அது குற்றமே இல்லை. வரிசையாக வைத்தபோதுதான், தோப்பைச் சுற்றி வீடுகள் வந்த கதை முழுக்க அதில் இருந்தது. கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு நைட்ரேட்டைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

"இப்ப கிருமியைப் பாருங்க சார். எல்லாத்துலயும் முட்டை. கழிவு இறங்குது, கிருமி மட்டும் வராதாமா? ஊத்து வாசல்ல செக்யூரிட்டி போட்டிருக்காங்களா?"

"ஆத்து மணல் வடிகட்டும்மா."

"இத்தனை வருஷம் வடிகட்டியிருக்கும் சார். இப்ப மணல் எங்க இருக்கு?"

மணல் அள்ளி அள்ளி ஆறு எவ்வளவு கீழே போய்விட்டது என்று பாலத்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறவன்தானே நான்.

"சரி, ரெங்கசாமி அண்ணனுக்குப் போன் பண்ணிட்டு நாளைக்குக் காலைல..." என்று செல்லை எடுத்தேன். ஷகிலா என் கையிலிருந்து அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பெண்!

"போன் வேண்டாம் சார். இப்பவே போலாம். என் ஸ்கூட்டி இருக்கு."

"சொல்லாம கொள்ளாம போனா மரியாதையா இருக்காதும்மா."

"யாருக்கு சார் மரியாதை? தண்ணிக்கா, உங்களுக்கா?"

அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டியதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருவானைக்காவல் சிக்னலில் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர், "என்ன, குல்பியா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பெட்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தோப்புக்குள் நுழைந்ததும் வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தேன். கோலம் இல்லை. ஊற்றின் உள்கல்லில் பச்சை வழவழவென்று ஏறியிருந்தது. மேலே சோப்பு நுரை மாதிரி ஒரு வெள்ளை வளையம் மிதந்தது. பைசா தெரிகிற தண்ணீரில் அன்றைக்குத் தட்டு போட்டாலும் தெரிந்திருக்காது. குடத்தோடு நின்ற செல்வி என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். கமிட்டியின் எடுபிடி வேலையெல்லாம் அவள்தான்.

"ஐயையோ சார்! இன்னைக்கா? போனே வரலியே! நாங்க இன்னும் கழுவலியே!"

"என்னம்மா கழுவல?"

"ஊத்தைத்தான் சார். நீங்க வரேன்னு சொன்னா மொத நாளே மோட்டார் வெச்சு எறைச்சுட்டு, கல்லைத் தேய்ச்சுக் கழுவி, ரெண்டு கை பிளீச்சிங் பவுடரு போட்டு வெச்சிருவமே. வெள்ளிக்கெழம வீடு கழுவற மாதிரி."

"எப்போலேருந்தும்மா?"

"நீங்க வர ஆரம்பிச்சதுலேருந்துதான். பெரிய மனுசன் வரப்ப குப்பையும் கூளமுமாவா இருக்கும்? எங்களுக்குல்ல சார் கேவலம்."

என்னை ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணுகிற மாதிரி பண்ணியிருக்கிறார்கள். பத்து வருஷமாக நான் ஊற்றைச் சோதிக்கவில்லை. செல்வியின் உபசாரத்தைச் சோதித்து, அதில் கிருமி இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிளீச்சிங் பவுடர் வாடை தெரியாதா என்று கேட்பீர்கள். ஷகிலாவும் அதைத்தான் கேட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த ஒரு மேலதிகாரி, "பாட்டில் அப்புறம், முதல்ல மூக்கு. தண்ணியை மோந்து பாருய்யா" என்று படித்துப் படித்துச் சொல்வார். பொன்னான வார்த்தை. அதே புண்ணியவான்தான் மூன்றாம் நாள் எனக்கு மூக்குப்பொடி டப்பாவை நீட்டிப் பழக்கிவிட்டவரும். அவர் சொன்னதையும் கேட்டேன், கொடுத்ததையும் வாங்கிக்கொண்டேன். விளைவு, பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குள் தலையை விட்டாலும் எனக்கு ரோஜாப்பூவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மூக்குதான் போயிற்று என்றால், தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தால் குளோரின் மஞ்சளாகக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் குளோரினைக் குழாய்த் தண்ணீரில்தானே பார்ப்போம்? ஊற்றுக்கான படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை நான் தேடவில்லை. படிவம் கேட்காத கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும் என்பது எனக்கு விளங்க, ஒரு குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற வேண்டியிருந்தது.

ஷகிலா சாம்பிள் பிடித்து மூடும்போது ரெங்கசாமி அண்ணன் வந்துவிட்டார். மூன்று நாள் தாடி. கையில் ஐந்து லிட்டர் கேன்.

"அடடே, சார்! சொல்லவே இல்லியே. இளநி கூட வெட்டி வைக்கல. இருங்க, இந்தக் கேனை ரொப்பிட்டு வந்துடறேன். பேத்தி ஆஸ்பத்திரில இருக்கா. அங்க உள்ள தண்ணி எறங்க மாட்டேங்குது, ஊத்துத் தண்ணிதான் வேணுங்கறா. காலைல ஒரு கேன் குடுத்துட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து கேனை அமுக்கினார். தண்ணீர் குளுக் குளுக்கென்று ஏறியது.

தம்பிகளே, நம் வேலையில் ஒரு விதி உண்டு. முடிவு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நல்ல விதிதான். கிருமி வளர்ந்து காட்ட ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்தக் கேன் ஆஸ்பத்திரிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். மூன்று நாளில் பதினெட்டாம் பெருக்கு, ஊரே வந்து ஊற்றில் கை நனைத்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். என் கையில் இருந்தது ஒரு மூடிய பாட்டில், பத்து வருஷத்து நல்ல ரிப்போர்ட்டுகள், எதிரே கூலிங் கிளாஸில் சிரித்துக்கொண்டிருக்கும் நான்.

"அண்ணே, அதைக் கொண்டுபோகாதீங்க."

"ஏன் சார்?"

"இந்தத் தண்ணி வேண்டாம். யாரும் குடிக்க வேண்டாம். இன்னைக்கே மூடிடலாம்."

அவர் நிமிர்ந்தார். "ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"தோணுது அண்ணே."

"தோணுதா? பத்து வருசமா நல்ல தண்ணின்னு எழுத்துல குடுத்தீங்க. இன்னைக்கு வாயால மூடுங்கறீங்க. நாளன்னைக்கு மறுநாள் பெருக்கு. ஜனங்க வந்து என்னை என்ன கேப்பாங்க?" என்றவர், ஃப்ளெக்ஸைக் காட்டினார். "நீங்க சொல்றதை நம்பவா, அங்க நீங்க சொன்னதை நம்பவா?"

நியாயமான கேள்வி. ஃப்ளெக்ஸிடம் போனேன். கட்டியிருந்த கயிறு முடிச்சு அவிழவில்லை. செல்வி அரிவாளைக் கொடுத்தாள். நாலு முடிச்சையும் அறுத்து, என் மூஞ்சியை நானே கீழே இறக்கி, மண்ணில் கவிழ்த்துப் போட்டேன். ஷகிலாவிடம் பாட்டிலில் எழுதுகிற மார்க்கர் பேனா இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, ஃப்ளெக்ஸின் வெள்ளை முதுகில், 'இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மண்மேல் வைத்து எழுதியதில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எனக்காக ஊத்தைக் கழுவி வெச்சீங்க அண்ணே. நான் கழுவின தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டுப் போனேன். கழுவாத தண்ணியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தாள். புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப பாப்பா..."

"தெரியாதுண்ணே."

"காலைல குடுத்த கேன்..."

சர்வீஸ் முழுக்க நான் அதிகம் பயன்படுத்தாத வார்த்தையை மறுபடி சொன்னேன். "தெரியாது. போன் பண்ணி அதைக் கொட்டச் சொல்லுங்க."

அவர் போன் பண்ணினார். மகளிடம் அந்தக் கேனைக் கொட்டச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "கொட்டும்மா" என்று மட்டும் மறுபடி சொன்னார். பிறகு கையிலிருந்த கேனைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

அங்கிருந்தே அப்போதைய என் மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"ரிசல்ட் இல்லாம எப்படிய்யா மூடச் சொல்லுவே? திருவிழா நேரம். நாளைக்கு ரிசல்ட் நல்லா வந்துடுச்சுன்னா என்ன பண்ணுவே?"

"சந்தோஷப்படுவேன் சார்."

"விளையாடறியா?"

"இல்ல சார். எழுத்துல குடுக்கறேன், என் பொறுப்புன்னு."

அவர் பெருமூச்சு விட்டார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல..." என்று முணுமுணுத்தார். ஆனால் மாநகராட்சியில் பேசி லாரித் தண்ணீருக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். இன்குபேட்டர் கதவை ஆறேழு முறை திறக்கப் போய், "சூடு போயிடும் சார், உக்காருங்க" என்று ஷகிலாவிடம் திட்டு வாங்கினேன். தண்ணீர் நல்லது என்று வந்தால் நான் ஊரைக் கலைத்த கோமாளி. கெட்டது என்று வந்தால் அந்தக் குழந்தைக்கு நானே விஷம் கொடுத்த மாதிரி. கோமாளியாகவே ஆக்கிவிடு ரங்கநாதா என்று வேண்டிக்கொண்டேன். கோமாளி வேஷம் எனக்குப் புதிதும் இல்லை, அவருக்கும் அது தெரியும். செல் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் டாக்டரம்மாவோ என்று பாய்ந்து எடுத்தேன். ஒரு தடவை கேஸ் சிலிண்டர் புக்கிங் ஆள். அவரிடம், "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "நல்லா இருக்கா சார்" என்றார் அவரும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஷகிலா, கிருமி இருந்தால் கறுத்துவிடும் குப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. மீதிப் பரிசோதனைகள் புதன்கிழமை முடிந்தன. எல்லாம் அதையேதான் சொன்னன. ஊற்றில் சாக்கடை கலந்திருந்தது.

பதினெட்டாம் பெருக்கன்று ஊற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, முன்னால் நானே நின்றேன். புதுத் தாலிக்கயிறும் மஞ்சளும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "யாரு இந்த ஆளு?", "ஊத்துக்கே பூட்டு போடறாங்களாம்", "போட்டோ புடிச்சு மாட்டத் தெரிஞ்சுச்சுல்ல?" எல்லாம் கேட்டேன். ரெங்கசாமி அண்ணன் எனக்குப் பக்கத்தில் நின்றார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வந்தவர்களிடமெல்லாம் அவர்தான் சொன்னார். "கும்புட்டுட்டுப் போங்கம்மா. குடிக்காதீங்க. என் பேத்தி ஆஸ்பத்திரில கெடக்கறா." அதைக் கேட்ட பிறகு யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. என் பட்டமும் பதவியும் முத்திரையும் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்தது.

மத்தியானம் டாக்டரம்மா போன் பண்ணினார். பாப்பா இட்லி கேட்கிறாளாம். செல்லை ரெங்கசாமி அண்ணனிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, தென்னை மரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எலுமிச்சை சாதம் ஒரு தொன்னையில் என்னிடம் நீட்டினார். எந்தத் தண்ணீரில் வடித்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவரே சொன்னார். "லாரித் தண்ணி சார். சாப்புடுங்க."

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. நானும் ஷகிலாவும் சுற்றியிருந்த வீடு வீடாக ஏறி இறங்கினோம். பாதிக்கு மேல் செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடியே போடாத குழி. "எத்தனையோ வருசமா இருக்கு. தண்ணி நல்லா இருக்குன்னு நீங்கதானே போர்டு வெச்சிருந்தீங்க?" என்று அங்கேயும் என் போட்டோவை என் மேலேயே எறிந்தார்கள். சிலர் குழியைச் சரி செய்தார்கள். சிலர் இன்னும் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஊற்று இன்றைக்கும் குடிக்க ஆகவில்லை. மண்ணில் வருஷக்கணக்காக இறங்கியது ஒரு மழையில் வெளியேறாது. போர்டில் இப்போது யார் போட்டோவும் கிடையாது. கடைசியாக எடுத்த சாம்பிளின் தேதியும் முடிவும் மட்டும்.

யாழினி இப்போது நான்காவது படிக்கிறாள். என்னைப் பார்த்தால் 'தண்ணி மாமா' என்று கூப்பிடுகிறாள். அவளைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு கணக்கு மனதில் ஓடும். அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை வீட்டில், 'குழந்தைக்கு வயிறு சரியில்லை, வெயில் சூடு' என்று சொல்லிக் கஷாயம் கொடுத்திருப்பார்கள்? அதற்கு ரிப்போர்ட் எதுவும் இல்லை. டம்ளரை டியூப்லைட்டில் தூக்கிப் பார்க்கிற கதை இதுதான். மூக்குப்பொடியை அன்றே விட்டுவிட்டேன். மூக்கு முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாடை தாங்கவில்லை. அது தனிக் கதை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன வாரம் ரெங்கசாமி அண்ணன் போன் பண்ணினார். நலம் விசாரித்தார், யாழினியின் மார்க்கைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க ஆபீஸ் புதுப் பசங்க சாம்பிள் எடுக்க எப்ப வராங்களாம்? ஒண்ணும் போட மாட்டோம் சார், பவுடரெல்லாம் கெடையாது. சும்மா தோப்பை மட்டும் ஒரு கூட்டு கூட்டி... இளநி வெட்டி வெச்சு... சின்னப் பிள்ளைங்க வெயில்ல வருதுங்கல்ல?"

இத்தனையும் நடந்த பிறகு! அதுவும் அந்தக் குரலில் கேட்கும்போது, தெரிந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, எனக்குத் தெரியவில்லை.

அதனால், பிள்ளைகளே, கொடிக்கால் ஊற்றுக்கு எப்போது போகிறீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். குறிப்பாக, என்னிடம் சொல்லாதீர்கள்.